அசரீரிக்கும் வயிறு உண்டு

புராணங்களில் அசரீரி என்று ஒரு பாத்திரம் அடிக்கடி வரும். அதற்கு உடம்பு இல்லை, ஊர் இல்லை, தாய் தகப்பன் இல்லை. ஆகாயத்திலிருந்து ஒரு குரல் கேட்கும். கேட்ட மாத்திரத்தில் ராஜாவும் மந்திரியும் நடுநடுங்கி அதன்படி நடப்பார்கள். தங்கையைத் தேரில் வைத்து ஓட்டிக்கொண்டு போன கம்சன், இவளுடைய எட்டாவது பிள்ளை உன்னைக் கொல்லும் என்று ஒரு குரல் சொன்னவுடனே, நீ யார், எங்கிருந்து பேசுகிறாய், இது உனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்தியைத்தான் உருவினான். கேட்டிருப்பானேயானால் கதை அன்றைக்கே முடிந்துபோயிருக்கும். பாகவதக் காலட்சேபம் செய்து பிழைப்பவர்களும் வேறு தொழில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

உடம்பு தெரியாத குரலுக்குப் பணிந்துபோகும் புத்தி புராண காலத்தோடு ஒழிந்துவிட்டதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். ரேடியோப் பெட்டியும் டெலிவிஷன் பெட்டியும் வந்த பிறகு அது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அந்தக் குரலுக்கும் வயிறு உண்டு, சம்பளம் உண்டு, அதைக் கூட்டிவந்து உட்காரவைத்த எஜமான் உண்டு, ஒரு நாள் எழுந்து போ என்று சொல்லுகிறவனும் உண்டு என்பதைச் சீமையில் வட்டார டெலிவிஷன் அறிவிப்பாளர் என்கின்ற உத்தியோகம் பிறந்து, வளர்ந்து, ஒழிந்துபோன வரலாற்றைக்கொண்டு எடுத்துக்காட்டலாமென்று நினைக்கிறோம்.

அறிவிப்பாளர் என்றால் செய்தி வாசிப்பவர் அல்ல. ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு நடுவில், "இனி வரப்போவது இன்னது" என்று சொல்லிவிட்டுப் போகிறவர். சென்னை டெலிவிஷன் நிலையம் 1975-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி தொடங்கிற்று. அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக் கட்டிடத்துக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. நாம் அப்போது அரைக்கால் சட்டைப் பையன். பட்டுப்புடவையும் பூவுமாக ஓர் அம்மையார் பெட்டிக்குள் தோன்றி வணக்கம் சொன்னால், எதிர்வீட்டுப் பாட்டி ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டுப் பதில் வணக்கம் சொல்லுவார். நாங்களெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்போம். "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்கின்ற பலகை வந்து நின்றுவிட்டாலோ, பாட்டி, "ஐயோ, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆச்சோ தெரியலையே" என்று கவலைப்படுவார். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தோம். இப்போது யோசித்துப் பார்த்தால், அந்தக் கட்டிடத்தில் கூடியிருந்த நூறு பேரில், பெட்டிக்குள்ளிருந்து பேசுவது நம்மைப்போலப் பசியும் தாகமும் உள்ள ஒரு மனுஷிதான் என்று உணர்ந்திருந்தவர் எழுத்து வாசனை இல்லாத அந்தப் பாட்டி ஒருவர்தான் என்று தோன்றுகிறது. இது நிற்க.

சீமையில் இந்தத் தொழில் ரேடியோவில் பிறந்தது. பி.பி.சி. ஸ்தாபனத்தை முதலில் நடத்திய ரீத் என்பவர் பாதிரியாரின் மகன். தாம் நடத்துவதும் ஒரு கோவில்தான் என்கின்ற பாவனை அவருக்கு இருந்தது. 1920-களில் அங்கே மாலையில் மைக் முன் உட்காருகின்ற அறிவிப்பாளர்கள் விருந்துக்குப் போகிற கறுப்புக் கோட்டு அணிந்துகொண்டுதான் பேசவேண்டும் என்று ஏற்பாடு. ரேடியோவில் கோட்டை யார் பார்த்தார்கள்? ஒருவரும் பார்க்கப்போவதில்லை. நம் ஊரில் அர்ச்சகர் மடி உடுத்திக்கொண்டு கர்ப்பக்கிருகத்துக்குள் போவது கல்லுக்குத் தெரிந்தா? அதே கதைதான். பேசுகிறவருடைய பெயரையும் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தார்கள். ஆளுக்குப் பெயர் இருந்தால் அவன் மனிதனாகிவிடுவான். மனிதனானால் தப்புச் செய்வான் என்று கேட்பவர்களுக்குத் தோன்றிவிடும். பெயரில்லாதவரைக்கும் அது ஸ்தாபனத்தின் குரல். இரண்டாவது உலக யுத்தத்தில், 1940-ல், எதிரிகள் பொய்ச் செய்தி பரப்பி ஏமாற்றிவிடக்கூடும் என்கின்ற பயம் வந்த பிறகுதான் செய்தி வாசிப்பவர் தம் பெயரைச் சொல்லும் வழக்கம் வந்தது. கடவுளுக்கு விலாசம் எழுதவைத்ததும் பயந்தான் என்று சொல்லலாம்.

அந்தக் குரல் எப்படிப்பட்ட இங்கிலீஷ் பேசவேண்டும் என்பதற்கு 1926-ல் ஒரு கமிட்டி போட்டார்கள். ராபர்ட் பிரிட்ஜஸ் என்ற கவிராயர் அதற்குத் தலைவர். பிற்பாடு பெர்னார்ட் ஷா தலைவரானார். அயர்லாந்துக்காரரான ஷா இங்கிலீஷ்காரர்களின் உச்சரிப்புக்குத் தலைவரானது வேடிக்கைதான். கமிட்டி என்ன சொன்னாலும், நடைமுறையில் மைக் முன் உட்கார்ந்தது என்னவோ பணக்காரப் பள்ளிக்கூடங்களில் தங்கிப் படித்தவர்களின் உச்சரிப்புத்தான். அந்நாட்டு ஜனங்களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூடப் பேசாத பேச்சு அது. ஆனால் அதற்கு மட்டுந்தான் வட்டாரச் சாயல் இல்லை என்றும், மற்றவர்கள் பேசுவதெல்லாம் கொச்சை என்றும் ஆயிற்று. எல்லாருடைய பேச்சுக்கும் ஒரு ஊர் உண்டு. பணக்காரன் பேச்சுக்கு மாத்திரம் ஊர் இல்லை, அது வானத்திலிருந்து வந்தது என்பது எந்த நாட்டுப் புரட்டாக இருந்தால் என்ன, கேட்டவுடன் நமக்கு இனம் தெரிகிறதல்லவா?

இதைச் சோதித்துப் பார்க்க 1941-ல் ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. வட இங்கிலாந்திலுள்ள ஹாலிபாக்ஸ் ஊரில் 1904-ல் பிறந்தவர் வில்பிரட் பிக்கிள்ஸ். தகப்பனாருடன் கட்டிட வேலை செய்தவர். நாடகத்தில் ஆசைகொண்டு, பிறகு மாஞ்செஸ்டர் ரேடியோவில் அறிவிப்பாளரானார். யுத்தகாலத்தில் அவரை லண்டனுக்கு வரவழைத்து நாடு முழுவதுக்கும் செய்தி வாசிக்கவிட்டார்கள். அவருடைய யார்க்‌ஷயர் பேச்சை ஜெர்மானியர் போலியாகச் செய்ய முடியாது என்பதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இரவுச் செய்தி முடிவில் அவர் வடநாட்டாருக்கு அவர்கள் பாஷையிலேயே ஒரு நல்லிரவு சொல்லுவார். உடனே புகார்கள் வந்து குவிந்தன. பத்திரிகைகளில் கேலிச் சித்திரம் போட்டார்கள். இந்த மாதிரிப் பேச்சில் கேட்டால் செய்தியையே நம்ப முடியவில்லை என்றுகூடச் சொன்னார்களாம்.

இதை வாசகர்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டுகிறோம். செய்தி அதே செய்தி. எழுதிக்கொடுத்தவர் அதே ஆள். கட்டிட வேலைக்காரன் வாயால் வந்தபோது மாத்திரம் அது சந்தேகமாகிவிட்டது! அப்படியானால் இத்தனை நாளும் இவர்கள் நம்பிக்கொண்டிருந்தது செய்தியையா, உச்சரிப்பையா? நமது கிராமவாசி, தன் பேச்சைத் தானே கொச்சை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு, பட்டணத்துக்காரன் பேசினால் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறானே, அந்த வியாதி இங்கே மாத்திரம் விளைந்ததென்று நாம் நினைத்திருந்தோம். அது கடல் கடந்தும் இருக்கிறது.

பெண்கள் விஷயத்தில் கூத்து இதைவிடப் பெரிது. 1933-ல் ஷீலா பாரெட் என்ற அம்மையாரை ரேடியோ அறிவிப்பாளராக அமர்த்தினார்கள். ஆயிரக்கணக்கில் ஆட்சேபக் கடிதங்கள் வந்தனவென்று சில மாதத்துக்குள் எடுத்துவிட்டார்கள். பிறகு 1936-ம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி லண்டன் அலெக்ஸாண்ட்ரா மாளிகையிலிருந்து டெலிவிஷன் தொடங்கியபோது, அறிவிப்பாளர் மூவரில் இருவர் பெண்கள். ஒருவர் ஜாஸ்மின் பிளை, மற்றவர் எலிசபெத் கவல். இருவரையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மனுக்களிலிருந்து பொறுக்கி எடுத்தார்கள். மூன்றாமவர் லெஸ்லி மிட்சல் என்ற ஆண்பிள்ளை. ரேடியோவில் கூடாத பெண் டெலிவிஷனில் கூடியது எப்படி? காது கேட்பதற்குப் பெண் ஆகாது, கண் பார்ப்பதற்கு ஆகும் என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் நமக்குத் தெரியவில்லை. 1953-ல் ராணியின் முடிசூட்டு விழா ஒலிபரப்பைத் தொடங்கிவைத்துப் பேசியவரும் சில்வியா பீட்டர்ஸ் என்ற அம்மையார்தான். அப்படியிருந்தும், 1960-ல் நான் விண்டன் என்ற அம்மையார் பி.பி.சி. டெலிவிஷனில் தேசச் செய்தி வாசிக்க வந்தபோது, இரவுச் செய்தியைப் பெண் வாசிப்பதை ஜனங்கள் ஒப்பவில்லை என்று சொல்லி அடுத்த வருஷமே நிறுத்திவிட்டார்கள். அதாவது, "இனி வருவது செய்திகள்" என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டு சொல்லலாம். அந்தச் செய்தியை அவள் சொல்லக்கூடாது. சமையற்கட்டிலிருந்து பலகாரத்தைக் கொண்டுவந்து வைக்கலாம், பந்தியில் உட்காரக்கூடாது என்பதுபோல.

இனி வட்டார விஷயத்துக்கு வருவோம். 1954-ம் வருஷத்து டெலிவிஷன் சட்டப்படி பி.பி.சி.க்குப் போட்டியாக விளம்பரப் பணத்தில் நடக்கும் ஐ.டி.வி. ஏற்பட்டது. 1955 செப்டம்பர் 22-ந் தேதி லண்டனில் தொடங்கி, பிறகு நாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுத்தார்கள். மாஞ்செஸ்டரைச் சுற்றி கிரானடா, நியூகாசில் பக்கம் டைன் டீஸ், நாரிச் பக்கம் ஆங்கிலியா, பெல்பாஸ்டில் அல்ஸ்டர், பிளிமத்தில் வெஸ்ட்வர்டு, கார்லைலில் பார்டர், அபர்டீனில் கிராம்பியன் என்று 1962-க்குள் நாடு முழுவதும் பரவிற்று. எல்லையைச் சரித்திரமோ பாஷையோ தீர்மானிக்கவில்லை. டிரான்ஸ்மிட்டர் கோபுரத்திலிருந்து அலை எதுவரை போகிறதோ அதுவரைக்கும் ஒரு நாடு. பார்டர் கம்பெனியின் ராஜ்யம் இங்கிலாந்தில் கொஞ்சம், ஸ்காட்லாந்தில் கொஞ்சம் என்று கிடந்தது.

பெரிய நிகழ்ச்சிகள் எல்லா ஊருக்கும் பொது. 1960 டிசம்பரில் தொடங்கிய "காரனேஷன் ஸ்ட்ரீட்" என்ற தொடர் நாடகம் மாஞ்செஸ்டரில் தயாராகி எங்கும் ஓடிற்று. அதன் முன்னும் பின்னும் பேசுவது மாத்திரம் அந்தந்த ஊர் அறிவிப்பாளர். ஒரு சிறு அறை. முன்னால் ஒரு மைக், ஒரு கடிகாரம், நிகழ்ச்சி அட்டவணை. சில கம்பெனிகளில் ஒரு காமிராவும் உண்டு. கண்ணாடிக்கு அப்பால் பொத்தான் அழுத்துகிற தொழிலாளர்கள். நிகழ்ச்சி பதினேழு விநாடி முன்னதாக முடிந்துவிட்டால் அந்தப் பதினேழு விநாடியையும் இவர் பேசி நிரப்பவேண்டும். பதினெட்டாவது விநாடி பேசினால் விளம்பரத்தின் தலை வெட்டுப்படும். விளம்பரம் வெட்டுப்பட்டால் பணம் கொடுத்தவன் சும்மா இருக்கமாட்டான். படச்சுருள் அறுந்துபோனாலும், லண்டனிலிருந்து வரும் கம்பித் தொடர்பு செத்துப்போனாலும், அறிவிப்பாளர்தான் ஜனங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தப்பு ஒருவன் செய்ய, மன்னிப்பு வேறொருவன் கேட்பது இந்தத் தொழிலின் தர்மம்.

இதோடு வட்டாரச் செய்தி வாசிப்பது, குழந்தைகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வது, நடுநிசியில் நிலையத்தை மூடும்போது பெட்டியை அணைத்துவிட்டுப் படுங்கள் என்று ஞாபகப்படுத்துவது எல்லாம் இவர் வேலை. பலர் நாடகக் கம்பெனியில் வேலை கிடைக்காத நாளில் இங்கே வந்தவர்கள். சிலருக்கு நிரந்தர உத்தியோகம். சிலர் இந்த வாரம் ஓர் ஊர், அடுத்த வாரம் வேறோர் ஊர் என்று பெட்டியும் கையுமாகக் கூலிக்குப் பேசிக்கொண்டு திரிந்தவர்கள். அப்படித் திரிந்தவர் ஒவ்வோர் ஊரிலும் "நமது பகுதி" என்றுதான் பேசியாக வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்தக் கம்பெனிகள் நிலையத்தை மூடுவதற்கு முன் பாதிரியார் ஒருவரைக் கொண்டு சில நிமிஷம் வேதோபதேசம் செய்விப்பது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மாலையிலோ, ஒரு மணி நேரத்துக்குமேல் மத சம்பந்தமான நிகழ்ச்சி தவிர வேறொன்றும் எந்த நிலையமும் காட்டக்கூடாது என்று பல வருஷம் ஏற்பாடு இருந்தது. ஜனங்கள் மாதாகோவிலுக்குப் போகும் நேரத்தில் நல்ல நாடகம் வைத்தால் கோவில் காலியாகிவிடுமாம். சர்வ வல்லமை பொருந்திய கடவுளுக்கு, ஒரு கோமாளி நிகழ்ச்சியோடு போட்டி போடச் சர்க்கார் பாதுகாப்பு வேண்டியதாயிருந்தது!

பிளிமத்தில் இதைவிட யோக்கியமான ஒரு பிரகிருதி இருந்தது. கஸ் ஹனிபன் என்று பெயர். ஒரு முயல் பொம்மை. 1961-லிருந்து அது வெஸ்ட்வர்டு அறிவிப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஐந்து வயது முடிந்த குழந்தைக்கு ஐந்து குதி, எட்டு வயதுக்கு எட்டுக் குதி. இயன் ஸ்டிர்லிங், ஜூடி ஸ்பியர்ஸ் முதலான அறிவிப்பாளர்கள் கடுதாசியிலுள்ள பெயரைப் படிக்கப் படிக்க அது குதிக்கும். தங்கள் பெயரும் தங்கள் கிராமத்தின் பெயரும் பெட்டியில் சொல்லப்படுவதை அந்தப் பக்கத்துக் குழந்தைகள் முப்பத்தொரு வருஷம் கேட்டு வளர்ந்தார்கள். அது துணிப் பொம்மை என்று சீக்கிரத்திலேயே குழந்தைகளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் பிரியமாக இருந்தார்கள். கோவில் கட்டவில்லை, உண்டியல் வைக்கவில்லை. பொம்மையைப் பொம்மையாக வைத்துக்கொள்வதில் நமக்கு ஆட்சேபணை இல்லை.

இவ்வளவு சொன்னதால் வட்டார நிலையங்களெல்லாம் சொந்த ஊர்க் குரலுக்கே சிங்காதனம் போட்டன என்று நாம் சொல்வதாக எண்ணக்கூடாது. 1968 ஜூலை 29-ந் தேதி லீட்ஸ் நகரில் யார்க்‌ஷயர் டெலிவிஷன் தொடங்கிற்று. அது முதல் தொண்ணூறுகளின் ஆரம்பம் வரையில் அங்கே பிரதான அறிவிப்பாளராயிருந்தவர் ரெட்வர்ஸ் கைல். அவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்து லண்டன் கம்பெனியில் பேசிவிட்டு வந்தவர். அழகாக, அழுத்தந் திருத்தமாகப் பேசுவார். ஜனங்களுக்கு அவர்பேரில் மிகுந்த பிரியம். அது அவருக்குத் தகும். ஆனால் பிக்கிள்ஸ் பிறந்த யார்க்‌ஷயருக்கே, யார்க்‌ஷயரின் பெயரால், வெளியூர் நாகரிக உச்சரிப்பில் தினமும் வணக்கம் சொல்லப்பட்டது என்பதையும் மறக்கக்கூடாது. பெயர்ப்பலகை உள்ளூரில் மாட்டியிருந்தால் மாத்திரம் கடை உள்ளூர்க்காரனுடையதாகிவிடாது.

கடை யாருடையது என்பது சீக்கிரத்தில் வெளியாயிற்று. லைசென்ஸுக்குக் காலக்கெடு உண்டு. 1980 டிசம்பரில் ஒரு தடவை பங்கீடு செய்தபோதே வெஸ்ட்வர்டு கம்பெனி பறிகொடுத்து, டி.எஸ்.டபிள்யூ. என்ற கம்பெனி அந்த இடத்துக்கு வந்தது. அறிவிப்பாளர்களும் முயலும் புது எஜமானிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். ஜமீன் கைமாறும்போது குடிபடைகளும் கைமாறுவதில்லையா, அதைப்போல. 1990-ம் வருஷத்துச் சட்டமோ, வெளிப்படையாக ஏலமே போட்டுவிட்டது. 1991 அக்டோபர் 16-ந் தேதி வெளிவந்த ஏல முடிவை வாசகர்கள் கேட்க வேண்டும். மத்திய இங்கிலாந்தில் போட்டியாளர் யாரும் இல்லாததால் அங்கிருந்த கம்பெனி வருஷத்துக்கு 2,000 பவுன் கேட்டு லைசென்ஸை எடுத்துக்கொண்டது. ஸ்காட்டிஷ் கம்பெனியும் அதே 2,000 பவுனுக்குத்தான் எடுத்தது. டி.எஸ்.டபிள்யூ. ஒரு கோடியே அறுபத்தொரு லட்சம் பவுன் கேட்டது. இவ்வளவு கொடுத்தால் உன்னால் நடத்த முடியாது என்று தள்ளிவிட்டு, அதில் பாதியளவுகூடக் கேட்காத வேறொரு கம்பெனிக்குக் கொடுத்தார்கள். பிரபுக்கள் சபை வரையில் வழக்காடியும் ஒன்றும் நடக்கவில்லை. குறைத்துக் கேட்டவன் வென்றான், கூட்டிக் கேட்டவன் தோற்றான். லண்டனிலோ நேர் மாறாக, கூட்டிக் கேட்ட கார்ல்டன் வென்று, தேம்ஸ் கம்பெனி வெளியே போயிற்று. இதைப் பொருளாதாரம் என்று சொன்னால் நம்பவேண்டும். ஜாதகம் என்று சொன்னால் மாத்திரம் சிரிக்க வேண்டுமோ? 1992 டிசம்பர் 31-ந் தேதி இரவோடு முயலுக்கும் உத்தியோகம் போயிற்று.

அறிவிப்பாளர் முகத்தைக் காட்டும் வழக்கமும் 1980-களின் முடிவுக்குள் பெரும்பாலான கம்பெனிகளில் நின்று, வெறும் குரலாயிற்று. முதலில் அசரீரி, பிறகு சரீரி, மறுபடியும் அசரீரி. உடம்பை எடுத்துவிட்டால் ஆளை மாற்றுவது சுலபமல்லவா? தொண்ணூறுகளில் கம்பெனியைக் கம்பெனி விழுங்கி, ஓர் ஊரிலிருந்து பல ஊர்களுக்குப் பேசும் ஏற்பாடு வந்தது. கடைசியாக 2002-ம் வருஷம் அக்டோபர் 28-ந் தேதி, இங்கிலாந்தின் வட்டாரங்களில் பழைய பெயர்களை ஒதுக்கி எங்கும் ஐ.டி.வி. ஒன்று என்று ஒரே பெயராக்கி, லண்டனிலிருந்தே ஒருவர் எல்லாருக்கும் பேசலாயினர். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் கம்பெனிகள் வேறு கையில் இருந்ததால் தப்பின. கார்ல்டனும் கிரானடாவும் 2004-ல் ஒன்றாகி ஒரே முதலாளியானது அதன் பிறகு நடந்த சடங்குதான்.

இங்கே நமது தோழர்களே ஒரு கேள்வி கேட்கலாம். "அடுத்து வருவது இன்ன நாடகம்" என்று சொல்லப் பதினாலு ஊரில் பதினாலு அறையில் பதினாலு பேர் எதற்கு? பகுத்தறிவுக்காரராகிய நீங்கள் வீண் செலவுக்குப் பரிந்து பேசலாமா என்பார்கள். நியாயமான கேள்வி. ஒரே வாக்கியத்தைப் பதினாலு பேர் சொல்வது வீண்தான் என்று ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த வாக்கியத்துக்காக மாத்திரமா அவர்கள் இருந்தார்கள்? அந்தச் சிறு அறைதான், லண்டனில் யாரையும் தெரியாத ஒருவன் இந்தத் தொழிலுக்குள் கால் வைக்கிற திண்ணை. திண்ணையை இடித்தால் வீட்டுக்கு இடம் மிச்சமென்று கணக்குப் போட்டவர்கள், மிச்சமான பணத்தைப் பிளிமத்துக்கோ கார்லைலுக்கோ கொடுத்தார்களா? அப்படிக் கொடுத்திருந்தால் நாம் வாயை மூடிக்கொள்வோம். அன்றியும், ஆள் வேண்டாமென்று எண்ணி எடுத்த கைகள் டைரக்டர்கள் எத்தனை பேர் வேண்டுமென்று எண்ணிப் பார்ப்பதில்லை. 1979-ல் ஐ.டி.வி. தொழிலாளர்களின் தகராற்றால் ஆகஸ்டு 10-லிருந்து அக்டோபர் 24 வரையில் ஏறக்குறைய நாடு முழுவதும் திரையில் ஓர் அட்டையும் பின்னால் சங்கீதமுமாகவே நின்றது. பொத்தான் அழுத்துகிறவன் கை எடுத்தால் ஆகாயவாணி ஊமைதான் என்பதை அந்த பதினோரு வாரமும் காட்டிற்று. அந்தப் பாடத்தை ஜனங்கள் மறந்தார்கள். முதலாளிகள் மறக்கவில்லை என்று தோன்றுகிறது.

பெல்பாஸ்டில் ஜூலியன் சிமன்ஸ் என்ற அறிவிப்பாளர், "காரனேஷன் ஸ்ட்ரீட்" நாடகத்துக்கு முன்னுரை சொல்லும்போது, திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற தோரணையில், சொந்த ஊர்ப் பேச்சிலேயே, கதாபாத்திரங்களை வம்புக்கிழுத்துப் பேசுவார். நாடகத்தைவிட அவர் பேச்சுக்காகவே பெட்டியைத் திருப்பினவர்கள் உண்டு. அல்ஸ்டர் கம்பெனியும் 2016-ல் ஐ.டி.வி.யின் கைக்குப் போயிற்று.

இன்றைக்கோ, எழுத்தைக் கொடுத்தால் மனிதன் இல்லாமலே மனிதக் குரலில் பேசும் இயந்திரம் வந்துவிட்டது. அதற்கு எந்த ஊர்ப் பேச்சு வேண்டுமோ அதைக் கொடுக்கலாமாம். யார்க்‌ஷயரும் கிடைக்கும், திருநெல்வேலியும் கிடைக்கும். இயந்திரத்தின்பேரில் நமக்குப் பகை இல்லை. கை நோகாமல் ஆகிற காரியம் ஆகட்டும். ஆனால் அந்தக் குரல் பேசும்போது, எழுதிக்கொடுத்தவன் யார் என்று கேட்பதற்கு இப்போது கம்சனைவிட நமக்கு அதிகக் காரணம் இருக்கிறது.

பிக்கிள்ஸ் என்ன ஆனார் என்று சொல்லாமல் விட்டுவிட்டோம். அவர் லண்டனில் நிலைக்கவில்லை, மாஞ்செஸ்டருக்கே திரும்பிவிட்டார். யுத்தம் முடிந்து 1946-ல் "ஹாவ் எ கோ" என்ற ரேடியோ நிகழ்ச்சியைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய், சாவடியிலும் தொழிற்சாலையிலும் மைக்கை வைத்து, நெசவாலைப் பெண்களையும் கிழவர்களையும் அழைத்து, உன் கதை என்ன சொல் என்பார். சில்லறையாக ஏதோ பரிசும் கொடுப்பார். அவருடைய மனைவியும் கூடவே மேடையில் இருப்பார். அந்த நிகழ்ச்சி 1967 வரையில் இருபத்தோரு வருஷம் நடந்தது. நல்ல காலத்தில் இரண்டு கோடி ஜனங்கள் வரை அதைக் கேட்டார்கள்.